விட்டுவிட்டு நிற்கும் பழைய காருக்கு ஈஎல்எம்327 அடாப்டர்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் திடீரென்று ஆஃப் ஆகும். ஓரங்கட்டி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். ஷெட்டில் கொண்டுபோய் விட்டால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். பழைய கார்களில் இதைப்போல வீண்செலவு வைக்கும் பழுது வேறில்லை. பம்ப், பிளக், காயில், சென்சார் என்று சந்தேகத்தின் பேரிலேயே ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பழுது மட்டும் அப்படியே இருக்கும்.

இந்தக் கட்டத்தில் பலரும் முதலில் வாங்குவது, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர். ஈஎல்எம்327 என்ற பெயரில் எங்கும் கிடைப்பது. அது இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்பதுதான் இங்கே பேச்சு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஃபால்ட் கோடு (கார் தானே பதிவு செய்துவைக்கும் பழுது எண்) படிப்பதற்காக இதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எஞ்சின் நிற்கும் அந்தச் சில நொடிகளைப் பதிவு செய்வதற்காக வாங்கினால், கைக்கு அடக்கமான கருவிகளில் இதற்கு ஈடு குறைவு.

கோடு ஏன் வராது என்று முதலில் பார்ப்போம். எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் சுற்றுகிறதா இல்லையா என்று ஈசியூவுக்கு, அதாவது எஞ்சினை நடத்தும் கணினிக்கு, தெரிவிப்பது கிராங்க் சென்சார். சூடேறி அதன் உள்சுற்று அறுந்தால் சிக்னல் நின்றுவிடும். ஈசியூவின் கணக்கில் அது 'சென்சார் கெட்டுவிட்டது' என்று ஆவதில்லை. 'எஞ்சின் நின்றுவிட்டது' என்றே ஆகிறது. ஆகவே இன்ஜெக்டரையும் ஸ்பார்க்கையும் நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். செல்ஃப் அடிக்கும்போதும் சிக்னல் வராமல், வால்வுகளை இயக்கும் தண்டைக் கவனிக்கும் கேம் சென்சார் மட்டும் சுற்றுவதைக் காட்டினால்தான் பல கார்களில் கிராங்க் சென்சார் பழுதுக்கான பி0335 கோடு பதிவாகும். ஃபியூல் பம்ப் ரிலேயும் இப்படித்தான். ரிலேயின் காயில் பக்கத்தை ஈசியூ கவனிக்கும். உள்ளே கருகிப்போன கான்டாக்டைக் கவனிக்க பழைய கார்களில் வழியே இல்லை. ஈசியூவுக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் ரிலே அறுந்தால் ஈசியூவுக்கே கரண்ட் இல்லை, பிறகு யார் கோடு எழுதுவது? எனவே 'ஸ்கேன் பண்ணினோம், கோடு எதுவும் இல்லை' என்பது கார் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. விட்டுவிட்டு நிற்கும் காரில் கோடு இல்லாததே ஒரு தடயம்: கரண்ட், எர்த், கிராங்க் சென்சார், பம்ப் ரிலே ஆகியவற்றின் மேல் சந்தேகத்தைக் கூட்டுகிறது.

கோடு ஏதாவது இருந்தால் அதை உடனே அழித்துவிட வேண்டாம். ஆப்பில் 'கிளியர்' பட்டனை அழுத்தினால் கோடோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். அதாவது, கோடு விழுந்த கணத்தில் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று), வேகம், கூலன்ட் வெப்பம், ஃபியூல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் ஈசியூ செய்யும் திருத்தம்) என்ன என்று ஈசியூ எடுத்துவைத்த ஒரே படம் போய்விடும். பல கார்களில் நீண்டகால ஃபியூல் ட்ரிமும் சைபருக்குத் திரும்பும். வாரக்கணக்கில் ஈசியூ கற்றுவைத்ததை ஒரே தட்டில் துடைத்துவிடுவது அது. முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு நிலுவைக் கோடுகள் (இன்னும் உறுதியாகாதவை), பிறகுதான் மற்றதெல்லாம்.

சாக்கெட்டில் செருகும் முன்

இந்த அடாப்டர் 1996 முதல் அமெரிக்காவிலும், பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கட்டாயமான ஓபிடி-2 என்ற பொதுவான பழுதறியும் முறையைப் பேசும். அதற்கு முந்தைய கார்களில் சாக்கெட் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பேச்சு வேறாக இருக்கலாம். சாக்கெட்டிலேயே பின்களைப் பார்த்தால், கே-லைன், ஜே1850, கேன் என்ற பேச்சு முறைகளில் கார் எதைப் பயன்படுத்துகிறது என்று கொஞ்சம் புரியும். 7ஆம் பின் இருந்தால் கே-லைன். 2 இருந்தால் ஜே1850. 6, 14 இரண்டும் இருந்தால் பெரும்பாலும் கேன். 16ஆம் பின் பேட்டரி பாசிட்டிவ், 4 பாடி எர்த், 5 சிக்னல் எர்த்.

மல்டிமீட்டரை எடுத்து 16க்கும் 4க்கும் இடையிலும், 16க்கும் 5க்கும் இடையிலும் வோல்ட் பாருங்கள். இரண்டும் பேட்டரி வோல்ட்டுக்குச் சமமாக வர வேண்டும். 16இல் கரண்டே இல்லையென்றால், பல கார்களில் அதன் ஃபியூஸ் சிகரெட் லைட்டர் ஃபியூஸோடு சேர்ந்தது. முதலில் அங்கே பாருங்கள். பலமுறை ஸ்கேனர் செருகிய சாக்கெட்டில் பெண் பின்கள் விரிந்து தொளதொளவென்று இருக்கும். அப்படி இருந்தால் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அடாப்டரே கரண்ட் இழக்கும், அதை எஞ்சின் பழுது என்று தவறாகப் படிக்க நேரும். பதிவு எடுக்கும்போது அடாப்டரை வெல்க்ரோ பட்டையால் கட்டிவிடுவது நல்லது.

எந்த அடாப்டர்

ஈஎல்எம்327 என்பது கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப். அந்த நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது. இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் மிகப் பெரும்பாலானவை நகல்கள். அட்டையில் 'வி1.5' என்று போட்டிருக்கும். அசல் நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. 'வி2.1' என்ற பெயரில் வரும் மலிவு நகல்கள் பலவற்றில் கட்டளைகள் பாதிதான் வேலை செய்யும், பழைய கார்களின் ஜே1850 பக்கமே சில எட்டிப் பார்க்காது. அதாவது எண் பெரிதாக இருந்தால் புதியது, நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நகல் எல்லாமே மோசம் என்றும் இல்லை. கே-லைன் காரில் கோடு படிக்க, நாலு மதிப்பு பார்க்க, சுமாரான நகலே போதும். எஞ்சின் நிற்கும் கணத்தில் இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

ஓபிடிலிங்க் எல்எக்ஸ், எம்எக்ஸ் பிளஸ் என்ற அடாப்டர்கள் ஈஎல்எம் கட்டளைகளையே புரிந்துகொள்ளும் வேறு சிப்பில் ஓடுகின்றன. கேன் கார்களில் தகவல் வரும் வேகம் தெளிவாகவே அதிகம். கே-லைன் காரில் அந்த வேகம் பெரிதாகப் பயன்படாது, ஏனென்றால் அங்கே தாமதம் காரின் பக்கம் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கும். அப்போது பல நகல்கள் ரீசெட் ஆகி ப்ளூடூத்தைத் துண்டித்துவிடும். 'நின்ற பிறகு செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகாத' அந்த நிமிடம்தான் நமக்கு மிக முக்கியம் என்பதால், இந்த ஒரு குணத்துக்காகவே நல்ல அடாப்டருக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் போதும். ஐபோனில் அது சேராது. குறைந்த ஆற்றல் ப்ளூடூத், வைஃபை, அல்லது எம்எக்ஸ் பிளஸ் போல ஐபோனோடும் சேரும்படி செய்த வகை வேண்டும். இரவு முழுக்கச் செருகியே விடாதீர்கள். தூக்க வசதி இல்லாத நகல் ஒன்று 30 முதல் 50 மில்லியாம்பியர் வரை இழுக்கும், நாளுக்கு ஏறத்தாழ ஒரு ஆம்பியர்-அவர். ஏற்கெனவே தளர்ந்த பேட்டரியில் ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் புதிதாக ஒரு பழுதை நாமே உருவாக்கியதாகிவிடும்.

பதிவுக்கு எதை எடுப்பது, எதை விடுவது

டார்க் ப்ரோ, கார் ஸ்கேனர், ஓபிடி ஃப்யூஷன் மூன்றிலும் மதிப்புகளைக் கோப்பாகப் பதிவு செய்யலாம். பெரும்பாலோர் செய்யும் தவறு, ஆப் காட்டும் இருபது மதிப்புகளையும் டிக் செய்துவிடுவது. கே-லைன் காரில் நொடிக்கு நாலைந்து மதிப்புகள்தான் வரும். இருபதைக் கேட்டால் ஒவ்வொன்றும் நாலைந்து நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். எஞ்சின் நின்றதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழுந்து மறைந்துவிடும்.

முதல் சுற்றுக்கு மூன்று போதும்: ஆர்பிஎம், வண்டியின் வேகம், அடாப்டரே அளக்கும் பேட்டரி வோல்ட். மூன்றாவதற்கு ஈசியூவைக் கேட்க வேண்டியதில்லை. 16ஆம் பின்னில் உள்ள வோல்ட்டை அடாப்டரே படித்துச் சொல்வதால் பேச்சு வேகம் குறையாது, ஈசியூ செத்துப்போனாலும் இந்த எண் வந்துகொண்டிருக்கும். நகல்களில் இது அரை வோல்ட் வரை தவறாகக் காட்டலாம். மல்டிமீட்டரில் பேட்டரியைப் பார்த்து ஆப்பில் ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள். எரிபொருள் பக்கம் சந்தேகம் திரும்பினால் இரண்டாம் சுற்றில் வேகத்தை எடுத்துவிட்டுக் குறுகியகால ஃபியூல் ட்ரிமையும் முதல் ஆக்ஸிஜன் சென்சாரையும் சேர்க்கலாம்.

ஓட்டுபவர் போனைப் பார்க்கக் கூடாது. பதிவைத் தொடங்கிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள், அல்லது பாக்கெட்டில் போடுங்கள். ஓடும்போது எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். எனவே பிரேக்கை மீண்டும் மீண்டும் விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தமாகப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். உருளும்போது சாவியை லாக் வரை திருப்பவே கூடாது. போக்குவரத்து இல்லாத சாலையில் மட்டுமே இந்தச் சோதனை.

பதிவைப் படிப்பது

இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு இங்கேதான். கியர் கார் ஒன்று மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் செத்தால், கிளட்ச்சை மிதிக்காதவரை சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பெட்ரோல் இல்லை, ஸ்பார்க் இல்லை, ஆனாலும் கிராங்க் சுற்றுகிறது. ஆகவே ஆர்பிஎம் எண் வேகத்தோடு சேர்ந்துதான் இறங்க வேண்டும்: வேகம் 40, ஆர்பிஎம் 1,800, வேகம் 34, ஆர்பிஎம் 1,530, வேகம் 27, ஆர்பிஎம் 1,215. பதிவில் இப்படிச் சீராக இறங்கினால் கிராங்க் சென்சார் தன் வேலையைச் செய்கிறது. பழுது பெட்ரோலிலோ காயில் பக்கத்திலோ இருக்கிறது.

அதற்கு மாறாக வேகம் 40இல் இருக்கும்போதே ஆர்பிஎம் 1,800இலிருந்து நேராக 0க்கு விழுந்து, அடுத்த வரியிலும் வேகம் 38, ஆர்பிஎம் 0 என்று இருந்தால், சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினை ஈசியூ பார்க்கவில்லை என்று பொருள். கிராங்க் சென்சார், அதன் கப்ளர், ஈசியூ வரை போகும் வயர், இந்த மூன்றுக்குள்தான் பழுது. ஒரு பார்வையில் தெரியும் இந்த இரண்டு வரிகளுக்காகவே இந்தச் சின்னக் கட்டையை வாங்கலாம். சிக்னல் முழுதாக அறுவதற்கு முன்னால் ஆர்பிஎம் 1,800, 900, 2,600, 0 என்று தாறுமாறாகக் குதித்தால் கப்ளரில் பச்சை பிடித்திருக்கிறது அல்லது ஷீல்டு வயர் உரசுகிறது என்று சந்தேகிக்கலாம். டேஷ்போர்டின் ஆர்பிஎம் முள்ளும் பெரும்பாலும் இதையே செய்யும். ஆனால் அந்த நொடியில் யார் முள்ளைப் பார்க்கிறார்கள்? பதிவு இருந்தால் வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கலாம்.

மூன்றாவது வகை: ஆர்பிஎம்மும் வேகமும் ஒரே நேரத்தில் வெறுமையாகி, ஆப்பில் 'ஈசியூ பதிலளிக்கவில்லை' என்று வரும். அடாப்டர் வோல்ட் மட்டும் 12.4 என்று தொடர்ந்து ஓடும். ஈசியூ கரண்டையோ எர்த்தையோ இழந்திருக்கிறது. பல கே-லைன் கார்களில் ஈசியூவுக்கு மறுபடி உயிர் வந்தாலும் இணைப்பு திரும்ப இரண்டு மூன்று நொடி ஆகும், ஏனென்றால் எழுப்பும் முகவரியே நொடிக்கு ஐந்து பிட் வேகத்தில் போகிறது. எனவே அந்த இடைவெளியின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். இதை உறுதி செய்ய இன்னொரு எளிய அடையாளம் உண்டு. நின்ற பிறகு சாவியை ஆன் நிலையிலேயே விட்டு டேஷ்போர்டைப் பாருங்கள். ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்து, எஞ்சின் விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் ஈசியூ உயிரோடு இல்லை. மெயின் ரிலே, ஈசியூ ஃபியூஸ், எஞ்சின் பிளாக்கில் போல்ட் செய்த ஈசியூ எர்த் என்ற வரிசையில் போகலாம். 1980கள், 90களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேயின் உள்ளே ஈயப்பற்றில் வெயிலுக்கு விரிசல் விழுந்து இப்படி ஆவது உலகம் முழுக்க மெக்கானிக்குகள் அறிந்த விஷயம். மூடியைத் திறந்து பற்றை மறுபடி உருக்கினாலே சரியாகிவிடும்.

டேஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்தே அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச்சைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சாவியை ஆன் நிலையிலேயே மெல்ல மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். சாவிக்கொத்தின் எடையும் காரணமாகலாம். 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் செவர்லே கோபால்ட் உள்ளிட்ட லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான்: கனமான கொத்தோ ஒரு குலுக்கலோ போதும், சுவிட்ச் ஆன் நிலையிலிருந்து நழுவிவிடும். எஞ்சினோடு ஏர்பேக்கும் செயலிழந்ததால் உயிர்கள் போயின. பழைய காரில் சாவியைத் தனியாகப் போட்டு ஓட்டிப் பார்ப்பது செலவே இல்லாத சோதனை.

அடாப்டர் வோல்ட்டே போய், போனில் ப்ளூடூத் அறுந்தால் பேட்டரி டெர்மினல் அல்லது பாடி எர்த் பட்டை. கடிகாரமும் ரேடியோவும் சேர்ந்து ரீசெட் ஆகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அவை ரீசெட் ஆகாமல் அடாப்டர் மட்டும் அணைந்திருந்தால், முன்பு சொன்ன தொளதொள சாக்கெட்.

எரிபொருள் பக்கம் போகும்போது ஃபியூல் ட்ரிம் பேசும். நிற்பதற்கு அரை நிமிடம் முன்பிருந்தே குறுகியகால ட்ரிம் +5, +12, +20 சதவீதம் என்று ஏறி, ஆக்ஸிஜன் சென்சார் 0.1 வோல்ட்டிலேயே ஒட்டிக்கொண்டு, பிறகு எஞ்சின் இழுவை குறைந்து நின்றால் பெட்ரோல் போதவில்லை. அடைத்த ஃபில்டர், தளர்ந்த பம்ப், டேங்கில் காற்று நுழையும் வழி அடைப்பு ஆகிய மூன்றும் இதே கிராஃபைத்தான் வரையும். கடைசியதைப் பிரிப்பது எளிது: நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள், 'உஸ்ஸ்' என்று பலமாகக் காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வந்து, உடனே ஸ்டார்ட்டும் ஆனால் வென்ட் குழாய்தான் காரணம். ஒரு எச்சரிக்கை: ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது பெரும்பாலான கார்கள் ஓப்பன் லூப்புக்கு, அதாவது ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்காமல் பெட்ரோல் ஊற்றும் நிலைக்கு, போய்விடும், ட்ரிம் எண் அசையாது. அதைப் பார்த்து 'பெட்ரோல் சரியாக இருக்கிறது' என்று முடிவு கட்டக் கூடாது.

தானியங்கி கியர் கார்களில் மேலே சொன்ன ஆர்பிஎம்-வேகச் சோதனை பலவீனம். எஞ்சின் செத்ததும் டார்க் கன்வெர்ட்டர் அதைத் தொடர்ந்து சுற்றிவிடாது. எந்தக் காரணத்தால் நின்றாலும் ஓரிரு நொடியில் ஆர்பிஎம் சைபர்தான். கேன் காரில் நல்ல அடாப்டர் இருந்தால் 700, 450, 200 என்று இறங்குவதைப் பிடிக்கலாம். கே-லைன் தானியங்கி காரில் இந்தக் கருவியை நம்பிப் பயனில்லை, அடுத்துச் சொல்வதுதான் வழி.

அடாப்டரை மிஞ்சும் இரண்டு பல்பு

பம்ப் பக்கமா, ஸ்பார்க் பக்கமா என்று பிரிப்பதில் இரண்டு 12 வோல்ட் சின்ன பல்புகள் எந்த ஸ்கேனரையும் தோற்கடிக்கும். ஒன்றின் பாசிட்டிவை ஃபியூல் பம்ப் ரிலேயிலிருந்து பம்ப்புக்குப் போகும் வயரிலும், இன்னொன்றின் பாசிட்டிவை இக்னிஷன் காயிலின் 12 வோல்ட் வயரிலும் இணைத்து, இரண்டின் எர்த்தையும் பாடியில் வைத்து, பல்புகளை ஓட்டுநருக்கு ஓரக்கண்ணில் தெரியும் இடத்தில் ஒட்டுங்கள். 5 வாட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வயரிலும் எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். எல்இடி வேண்டாம், ஏனென்றால் கருகிய கான்டாக்டில் வோல்ட் இறங்கும்போது சாதாரண பல்பு மங்கும், எல்இடி மங்காமல் ஏமாற்றும்.

பம்ப் பல்பு முதலில் அணைந்து, பிறகு எஞ்சின் நின்றால் ரிலே, ஃபியூஸ், வயரிங். எஞ்சின் நின்ற பிறகு ஓரிரு நொடி எரிந்து, அப்புறம் அணைந்தால் அது இயல்பு: கிராங்க் சிக்னல் நின்றதால் ஈசியூ பம்ப்பை நிறுத்துகிறது. இரண்டு பல்பும் ஒரே கணத்தில் அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது மெயின் ரிலே. பம்ப் பல்பு பிரகாசமாக எரியும்போதே எஞ்சின் பெட்ரோல் இல்லாமல் திணறினால், கரண்ட் போகிறது, பம்ப் தள்ளவில்லை. அப்போது அழுத்தமானி வைக்க வேண்டியதுதான். ரிட்டர்ன் குழாய் உள்ள பழைய மல்டிபாயின்ட் கார்களில் ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) 2.5 பார் சுற்றியும், ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றினால் 3 பார் சுற்றியும் வருவது வழக்கம். சரியான எண்ணுக்கு அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலே ஆதாரம். பம்ப்பைக் குறை சொல்லும் முன் பம்ப் கப்ளரிலேயே மல்டிமீட்டர் வையுங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கும் பம்ப் பாசிட்டிவுக்கும் உள்ள வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது, எர்த் பக்கம் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 1.5 வோல்ட் வழியிலேயே தொலையும் காரில் புது பம்ப் போட்டாலும் அதுவும் திணறும்.

ஐடிலில் மட்டும் நிற்பது

டிராஃபிக் சிக்னலில் கிளட்ச் மிதித்தவுடன் நிற்கிறது, ஓடும்போது நிற்பதே இல்லை என்றால் மேலே சொன்ன பாதி வேலை தேவையில்லை. த்ராட்டில் பாடியின் தட்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும், அல்லது ஐடில் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே அடாப்டர் ஒரு நல்ல காரியம் செய்யும். ஐடிலில் ட்ரிம் +15 சதவீதம், 2,500 ஆர்பிஎம்மில் +3 என்று இருந்தால் எங்கோ வேக்குவம் ஒழுகுகிறது. இரண்டு இடத்திலும் ஒரே அளவு உயர்ந்திருந்தால் பெட்ரோல் அழுத்தத்தையோ, உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சாரையோ பாருங்கள். பெட்ரோல் நிரப்பிய உடனே மட்டும் நிற்பது, டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தே மாட்டிக்கொண்டதன் அடையாளம். எஞ்சின் ஐடிலில் வால்வைக் கழற்றி, எஞ்சின் பக்கக் குழாயோடு விட்டு, மறுமுனையில் விரலை வைத்தால் இழுப்பு தெரியக் கூடாது.

காலையில், இரவு முழுக்க நின்ற காரில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட் வெப்பத்தையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் சில டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் சென்சார் சுற்று அறுந்திருக்கிறது. ஓடும்போது 85இலிருந்து திடீரென்று 20க்குக் குதித்தால் கப்ளர் தொளதொள. சூடான எஞ்சினுக்குக் குளிர் எஞ்சினுக்குரிய பெட்ரோலை ஊற்றி மூழ்கடித்து நிறுத்துவது இதுதான். பலரும் பார்க்காமல் விடும் இடம்.

கிராங்க் சென்சார் என்று பதிவு சொன்ன பிறகு

உடனே புதுசு போட்டுவிட வேண்டாம், உறுதிசெய்ய அரை மணி நேரம் போதும். கார் சூடாக நின்றிருக்கும்போது ஈரத்துணியைச் சென்சாரின் உடல்மேல் வைத்து அழுத்துங்கள்; சைலன்சர் குழாய் பக்கத்தில் இருந்தால் கை ஜாக்கிரதை, சூடான பிளாக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகி, துணி வைக்காதபோது அரை மணி நேரம் ஆகாமல் நின்றால் வழக்கு முடிந்தது. இரண்டு வயர் காந்தச் சென்சார் என்றால் குளிர்ந்தபோதும் சூட்டிலும் ஓம் அளக்கலாம். பெரும்பாலும் சில நூறு ஓம் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கும், சூட்டில் கொஞ்சம் கூடும். சூட்டில் முடிவிலியாகப் போனால் காயில் அறுந்திருக்கிறது. மூன்று வயர் ஹால் சென்சாரில் ஓம் அளப்பது வீண். சப்ளை, எர்த், சிக்னல் மூன்றையும் வோல்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

ஐடிலில் ஓடவிட்டு, வயரிங்கை ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து ஆட்டுங்கள். போனில் ஆர்பிஎம் கிராஃப் ஓடிக்கொண்டிருக்கட்டும். எஞ்சின் நிற்காவிட்டாலும், ஆட்டும் ஒரு இடத்தில் கிராஃப் வெட்டுப்பட்டால் புதுச் சென்சார் வாங்க வேண்டியதில்லை, அந்த இடத்தில் வயரைப் பிரித்துப் பார்த்தால் போதும். எஞ்சின் மவுன்ட் பக்கத்திலும், வயர் பிளாக்கைத் தாண்டி வளையும் இடத்திலும்தான் உள்ளே செம்பு முறிந்து, மேலே ரப்பர் முழுசாக இருக்கும்.

சென்சாரோ ரிலேயோ மாற்றிய பிறகும் அடாப்டரைக் கழற்றிவிடாதீர்கள். அதே மூன்று மதிப்புகளை வைத்து, முன்பு நின்ற அதே சூட்டில், அதே மாதிரி ஓட்டி ஒரு பதிவு எடுங்கள். ஆர்பிஎம் கிராஃபில் ஒரு வெட்டுகூட இல்லாமல் வந்தால் பழைய உதிரியைத் தூக்கிப்போடலாம். சின்ன வெட்டு இன்னும் தெரிந்தால், எஞ்சின் நிற்காமல் ஓடினாலும், மாற்றியது தவறான உதிரி.